வளர்ந்துகொண்டிருந்த கிராஃபிக்ஸ் கார்டு

எங்கள் நிறுவனத்தில் இடைவெளி இல்லாத பொருள் கிடையாது. இடைவெளி என்றால், ஒரு பொருளை எவ்வளவு காலத்துக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும், எப்போது தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டும் என்கிற கணக்கு. நாங்கள் எடைக்கற்களையும் தராசுகளையும் சரிபார்த்து முத்திரை குத்துகிறவர்கள். கடையில் இருக்கும் படிக்கல் தேய்ந்து எடை குறைந்தால் ஜனங்கள் ஏமாறுவார்கள், ஆகவே கல்லுக்கு இடைவெளி வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். அந்த நியாயம் கல்லோடு நின்றிருந்தால் எனக்கு இந்த வேலையே இருந்திருக்காது. என் வேலை இடைவெளிச் சீட்டு ஒட்டுவது. நாற்காலிக்கு ஒட்டியிருக்கிறேன், கைகழுவும் தொட்டிக்கு ஒட்டியிருக்கிறேன், வாசலில் படுத்துக் கிடக்கும் நாய்க்கு ஒட்டப் போய்க் கடி வாங்கியிருக்கிறேன். நாயை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சீட்டு கோணலாக இருந்ததென்று என்னைக் கூப்பிட்டுத்தான் கண்டித்தார்கள்.

தராசு அறையில் எடை பார்ப்பவரை நாங்கள் மூச்சடக்கி என்று கூப்பிடுவோம். அந்த அறையில் இருக்கும் தராசு, தட்டில் ஒரு தலைமுடி விழுந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டால் எண் ஆடும். அதனால் உள்ளே இருப்பவர் பேசக்கூடாது, தும்மக்கூடாது, மூச்சையும் பார்த்துத்தான் விட வேண்டும். அறைக்கு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவு. தாழ்வாரத்தைப் பார்த்தாற்போல ஒரு தடித்த கண்ணாடி. வாலிப வயதில் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்த மனிதருக்கு இப்போது வெளியே வந்தாலும் பேச்சு வருவதில்லை. "உங்களக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு பீரோவக் கட்டிக்கிட்டிருக்கலாம், தொறந்தாலாவது சத்தம் வரும்" என்பாராம் அவர் மனைவி. இதை அவரே என்னிடம் சிரிக்காமல் சொன்னார்.

அவர் வாய்விட்டுப் பேசுகிற ஒரே இடம் ஒரு லாரி. நிஜ லாரி இல்லை, கம்ப்யூட்டர் விளையாட்டில் வருகிற லாரி. அவருடைய ஒரே மகள் வேறு ஊரில் வேலை பார்த்தாள். போன் போட்டால் சாப்பிட்டேன், நல்லா இருக்கேன், வைக்கட்டுமா என்று மூன்றே வாக்கியம், அப்பனுக்குத் தப்பாத பெண். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் இவர் இங்கே, அவள் அங்கே, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு லாரியில் ஏறிவிடுவார்கள். பனி கொட்டுகிற ஏதோ ஒரு மலைச்சாலையில் அவள் முன்னால் போக, இவர் பின்னால் போவார். கண் ரோட்டில் இருக்கும்போது இரண்டு பேருக்கும் வாய் தானாகத் திறந்துகொள்ளும். மேலதிகாரி திட்டியது, அறைத்தோழி போர்வையை எடுத்துக்கொண்டு போனது, இவருடைய முட்டிவலி எல்லாம் அந்த ரோட்டில்தான் வெளியே வரும். ஒரு சனிக்கிழமை வண்டியை நிறுத்துவதற்கு முன்னால் அவள், "ஒண்ணு சொல்லணும் பா. அடுத்த வாரம் எறக்கத்துல போகும்போது சொல்றேன்" என்றாள்.

அடுத்த வாரம் வரவில்லை. விளையாட்டைப் புதுப்பித்திருப்பதாகவும், இனி பழைய கிராஃபிக்ஸ் கார்டில் அது ஓடாது என்றும் திரையில் ஒரு அறிவிப்பு வந்தது. கார்டு என்பது கம்ப்யூட்டருக்குள் படம் வரைகிற பலகை. அது பழசாகிப் போனால் பனியும் கிடையாது, மலையும் கிடையாது, மகளும் கிடையாது. மூச்சடக்கி கடைக்குப் போய்ப் புதுக் கார்டு ஒன்று வாங்கி வந்துவிட்டார். அதை மாட்டியிருந்தால் கதை முடிந்தது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் ஊழியர் நலத் திட்டத்தில் நிறுவனம் கொடுத்தது. ஓய்வு பெறும்வரை அது நிறுவனத்தின் சொத்து. "பேசாம மாட்டிட்டு வேலையப் பாருங்க, யாரு வந்து தொறந்து பாக்கப் போறா" என்று மனைவி படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். கேட்டால்தானே? மறுநாளே இயக்குநர் முன்னால் போய் நின்று, பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டுக்கொள்ளலாமா என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

எங்கள் இயக்குநர் நல்ல மனிதர். யாரையும் உட்காரச் சொல்லாமல் பேச மாட்டார், உட்கார்ந்தவரை எழுந்திருக்க விடவும் மாட்டார். இந்தக் கார்டை எவ்வளவு காலத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்று கேட்டார். விளையாட்டு ஓடவில்லையென்றால் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான் என்றார் மூச்சடக்கி.

"அது காரணம். நான் கேட்டது இடைவெளி."

நிறுவனத்தின் சொத்து ஒன்று இத்தனை காலம் இடைவெளியே இல்லாமல் ஒரு வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்ததை நினைத்து இயக்குநர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு எங்கள் இரண்டு பழைய வழக்கங்களின்படி உத்தரவு போட்டார். ஒரு கேள்வியை யார் எழுப்பினாரோ அவரே அந்தக் கேள்விக்கான குழுவில் உறுப்பினர், பதில் கிடைக்கும்வரை விலக முடியாது. கேள்விக்கு உள்ளான பொருளைப் பதில் கிடைக்கும்வரை யாரும் பயன்படுத்தக்கூடாது. அன்றைக்கே நானும் ஒரு காவலாளியும் மூச்சடக்கி வீட்டுக்குப் போய்ப் பழைய கார்டைக் கழற்றித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டோம். பிரிக்காத புதுக் கார்டையும் பெட்டியோடு எடுத்துக்கொண்டோம். அவர் மனைவி எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். கணவரை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

குழுவில் மூன்று பேர். தலைவர் இயக்குநர், அவருக்கு அடுத்தவர் துணை இயக்குநர், இவர்கள் நடுவில் மூச்சடக்கி. சீட்டு ஒட்ட வேண்டி வருமென்று என்னையும் ஓரமாக உட்காரவைத்தார்கள். முதல் கூட்டத்துக்குக் கார்டு விற்ற கடைக்காரரை வரவழைத்தார்கள். வருஷா வருஷம் மாற்ற வேண்டும், புதுசு வந்த அன்றைக்கே பழசுக்கு மதிப்புப் போய்விடும், முடிந்தால் வருஷ நடுவிலும் ஒரு தடவை மாற்றலாம் என்று அவர் சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். இயக்குநருக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. துணை இயக்குநருக்குப் பிடிக்கவில்லை. கடைக்காரன் சொல்லைக் கேட்டுக் காலத்தைத் தீர்மானிக்க இது என்ன சந்தையா என்று கேட்டார். அவர் எடைக்கல் பிரிவிலிருந்து மேலே வந்தவர். எதைப் பார்த்தாலும் கல்லாகத்தான் தெரியும்.

"ஒரு கல்ல ஏன் மாத்தறோம்? தேஞ்சு போச்சுன்னு மாத்தறோம். தேஞ்சா எடை குறையும். இந்தக் கார்டும் தேயணும்ல? எடை குறைஞ்சா மாத்தலாம், குறையலன்னா எதுக்கு மாத்தணும்?"

இயக்குநர் எழுந்து வந்து துணை இயக்குநரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். உலகமே கார்டை ஓட்டிப் பார்த்து ஏமாந்துகொண்டிருக்கும்போது நாம் மட்டும்தான் அதை நிறுத்துப் பார்க்கப் போகிறோம் என்றார். மூச்சடக்கி ஏதோ சொல்லப் போனார். வாய் திறந்தது, மூடிக்கொண்டது.

எடை பார்த்தோம். கார்டு வந்த பழைய அட்டைப்பெட்டியில் அதன் எடையை அச்சிட்டிருந்தார்கள். இப்போது தராசு காட்டிய எடை அதைவிடக் கூடுதலாக இருந்தது. கூடாமல் என்ன செய்யும்? விசிறிக்குள்ளும் இடுக்கிலும் வருஷக்கணக்காகத் தூசு சேர்ந்து மெத்தைபோல அடைந்திருந்தது. மூச்சடக்கி இந்தத் தடவை துணிந்து, அது தூசு சார், ஒரு பிரஷ்ஷைக் கொடுத்தால் துடைத்துவிடுகிறேன் என்றார். வந்த பொருளை வந்தபடியேதான் நிறுக்க வேண்டும், துடைத்தால் அது சாட்சியைக் கலைக்கிற குற்றம் என்று துணை இயக்குநர் பல்லைக் கடித்தார்.

"தூசுன்னு நீங்க சொல்றீங்க" என்றார் இயக்குநர் பொறுமையாக. "தராசு அப்படிச் சொல்லலையே. எடை கூடியிருக்குன்னுதான் சொல்லுது. எடை கூடினா அதுக்கு என்ன பேரு?"

"வளர்ச்சி" என்றார் துணை இயக்குநர்.

அப்புறம் புதுக் கார்டையும் நிறுத்தார்கள். அது பழையதைவிடக் கனமாக இருந்தது. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் துணை இயக்குநர் அசந்துபோய்விட்டார். பழசு மெல்ல மெல்லப் புதுசின் எடையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது, அவசரப்படாமல் விட்டால் தானாகவே அதுவாகிவிடும் என்றார். வளர்ந்துகொண்டிருக்கிற ஒன்றை எடுத்து எறிவது இந்த நிறுவனத்தின் பண்பாடு இல்லை, முழு வளர்ச்சி அடைந்து தேயத் தொடங்கும் நாளைக் கண்டுபிடித்தாக வேண்டும் என்று இயக்குநர் முடிவு சொன்னார். அதற்குக் கட்டடம் அமைதியாக இருக்கிற நாளாகப் பார்த்து எடை எடுக்க வேண்டும். கட்டடம் அமைதியாக இருப்பது சனிக்கிழமைதான். சனிக்கிழமை முழுக்க மூச்சடக்கி தராசு அறைக்குள் இருக்க வேண்டும் என்று தீர்மானமாயிற்று.

அன்றைக்கு வெளியே வந்ததும் அவர் என் மேசைக்கு வந்து நின்றார். விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டால் விடுவார்களா என்று கேட்டார். நான் அவருக்காகப் போய்க் கேட்டேன். வாங்கிக்கொள்ளலாம், ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டு எவ்வளவு காலத்துக்குள் திரும்ப வாங்கலாம் என்பதற்கு இடைவெளி இல்லை, அதற்கு ஒரு தனிக் குழு போட வேண்டும், கேட்டவர் என்ற முறையில் அதற்கும் அவர்தான் உறுப்பினர் என்றார்கள். நான் அதை அவரிடம் சொன்னேன். சரி என்றார். ஒரு மனிதர் இவ்வளவு சாதாரணமாகச் சரி என்று சொன்னதை நான் கேட்டதில்லை.

மகளுக்குப் போன் போட்டுப் பார்த்திருக்கிறார். என்னமோ சொல்லணும்னியே என்று கேட்டதற்கு, "போன்ல வராது பா" என்றாளாம். அவரும், எனக்கும் வராது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம். அம்மாவிடம் சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால் அவள் சொல்லியிருப்பாள், அதனால் அது பெரிய விஷயம்தான் என்று என்னிடம் சொன்னார். அப்போது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. ஐயோ, இந்த மனிதரை என்ன செய்கிறோம் என்று எனக்குப் பகீரென்றது. பிறகு மணி அடித்தது, எழுந்து உள்ளே போனார்.

சனிக்கிழமைகள் போயின. அறைக்குள் இருந்த தூசும் கார்டில் சேர்ந்து எடை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு கூடுதலுக்கும் துணை இயக்குநர் பேரன் நடை பழகுகிற மாதிரி பூரித்தார்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை அவள் வந்தாள். தோளில் பெரிய பை, காலில் வார் அறுந்து ஊக்கு குத்திய செருப்பு. வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கே வந்திருக்கிறாள். அப்பா எங்கே என்று கேட்டாள், கண்ணாடியைக் காட்டினேன். உள்ளே அவர் வெள்ளைக் கையுறையோடு எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தராசின் எண் ஆடி அடங்கி எடை நிலைக்கு வரும் நேரம். அந்த நேரத்தில் கதவைத் திறப்பது எங்கள் நிறுவனத்தில் வேலையும் ஓய்வூதியமும் சேர்ந்து போகிற குற்றம். அவளிடம் அதைச் சொல்லி உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை. கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு, அவருக்குக் கேட்காது என்று தெரிந்தும் சொன்னாள்.

"வேலைய விட்டுட்டேன் பா. ரெண்டு மாசமாச்சு. ரூம்லயே படுத்துக் கெடக்கறேன். வீட்டுக்கு வந்துடட்டுமா?"

கேட்காமல் போனால் என்ன, நிமிர்ந்து பார்த்த பெற்றவருக்கு முகம் தெரியாதா? மூச்சடக்கி எழுந்தார். முதல் கதவை ஒரே தள்ளு, இரண்டாவது கதவு சுவரில் போய் மோதியது. "வா" என்றார். அவள் என்ன கேட்டாள் என்றே தெரியாமல், "வா மா, வா" என்றார். அவள் அவர் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நான் சீட்டுப் பசையை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன்.

வேறு பக்கத்தில் தராசு இருந்தது. கதவு திறந்த வேகத்தில் காற்று உள்ளே அடித்துத் தட்டைத் தூக்கியிருக்கிறது. எண் சரேலென்று குறைந்து, அந்தக் குறைந்த எண் பதிவாகியிருந்தது.

திங்கட்கிழமையே குழு கூடியது. மூச்சடக்கி வேலையே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு வந்தார். இயக்குநர் அவரை உட்காரவைத்து, நீங்கள் குற்றவாளியா இல்லையா என்பது எனக்கே தெரியவில்லை என்றார். கதவைத் திறந்தது குற்றம். ஆனால் இத்தனை காலம் வளர்ந்துகொண்டிருந்த கார்டு முதல்முதலாகத் தேய்ந்திருக்கிறது, அதைக் கண்டுபிடித்தது சாதனை.

"ஒரு தடவ வந்தா அது விபத்து, உங்கள அனுப்பிடணும். மூணு தடவ அதே மாதிரி வந்தா அது அளவீடு. அப்ப கார்டையும் மாத்திக்கலாம், வேலையும் இருக்கும். அன்னைக்கு என்னெல்லாம் நடந்துச்சோ அது அப்படியே இன்னும் ரெண்டு தடவ நடக்கணும்."

என்னெல்லாம் நடந்தது என்று என்னைக் கேட்டார்கள். சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் சொன்னேன்.

மகள் அதற்குள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தாள். அம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்திருந்துவிட்டு மூன்றாம் நாள் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டார். அப்பாவும் மகளும் ஒரே வீட்டில் இருந்தும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. ஓட்ட லாரி இல்லை. அவர் எப்படியோ திக்கித் திணறி விஷயத்தைச் சொல்ல, அவள், அவ்வளவுதானே, வரேன் பா, உங்க வேலை போகக்கூடாதுல்ல என்று ஒத்துக்கொண்டாள். கார்டு வந்ததும் மறுபடியும் மலைச்சாலைக்குப் போகலாம், பக்கத்துப் பக்கத்து அறையில் உட்கார்ந்து ஓட்டலாம் என்று இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டார்களாம்.

தாழ்வாரத்தில் அவள் அன்றைக்கு நின்ற இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டோம். அறுந்த செருப்பையே போட்டு வரச் சொன்னோம். மூச்சடக்கி உள்ளே எண்ணைவிட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது, அவள் சொல்லி முடித்ததும் இயக்குநர் கண்ணாடியைத் தட்டுவார், அப்போது எழுந்து கதவைத் திறக்க வேண்டும் என்று ஏற்பாடு. முதல் சனிக்கிழமை அவள் சொன்னாள். வேலைய விட்டுட்டேன் பா, வீட்டுக்கு வந்துடட்டுமா. அவர் பயபக்தியோடு கதவைத் திறந்து வா என்றார். எண் அசையவே இல்லை. அழுகை போதவில்லை என்று துணை இயக்குநர் சொன்னார். அடுத்த சனிக்கிழமை அழுதாள், இவர் திறந்தார், பொருந்தவில்லை. அதற்கடுத்த வாரம் ரூம்லயே படுத்துக் கெடக்கறேன் என்ற இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த எடையைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இப்படியே போய், அவள் வந்துடட்டுமா என்று கேட்பதும் அவர் வா என்று சொல்வதும் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஆகிவிட்டன. வீட்டிலும் அவர் வா என்று கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை என்று மனைவி என்னிடம் சொன்னார்.

போன சனிக்கிழமை அவள் கோட்டில் நின்றாள். இயக்குநர் தலையசைத்தார். அவள் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. கண்ணாடியை உள்ளங்கையால் தானே ஓங்கித் தட்டினாள்.

"போதும் பா. எழுந்து வா. வீட்டுக்குப் போலாம்."

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு மாதிரியே முதல் கதவை ஒரே தள்ளு, இரண்டாவது சுவரில் போய் அறைந்தது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வாசல்வரை இரண்டு பேரும் வேகமாக நடந்துவிட்டார்கள். போய்விட்டார்கள், தொலையட்டும், தப்பித்தார்கள் என்று நான் மனசுக்குள் சத்தியமாகச் சந்தோஷப்பட்டேன்.

பின்னால் துணை இயக்குநர் எண்ணைப் படித்தார். அப்படியே பொருந்தியிருந்தது.

மூச்சடக்கி நின்றார். "அப்படியேவா சார்?" என்றார். மகள் கையை விட்டுவிட்டுக் கண்ணாடிக்கு வந்து தானே பார்த்தார். "பொருந்திடுச்சு மா, கடைசி எண் வரைக்கும் பொருந்திடுச்சு" என்று அவளைப் பார்த்துச் சிரித்தார். அவர் பல்லை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். இன்னும் ஒன்று பொருந்தினால் முடிந்தது, சூட்டோடு சூடாக இப்போதே எடுத்துவிடலாமா என்று இயக்குநர் கேட்டார். எடுத்துடலாம் சார், இப்ப எடுத்துடலாம் என்று அவரே முந்திக்கொண்டு உள்ளே போய் இரண்டு கதவையும் சாத்தி, கையுறையை மாட்டி, எண்ணில் கண்ணை வைத்தார்.

இயக்குநர் அவளைக் கோட்டில் நிற்கச் சொன்னார். போதும், எழுந்து வா, வீட்டுக்குப் போலாம் என்று அதே கோபத்தோடு சொல்ல வேண்டும் என்று தன்மையாகச் சொல்லிக் கொடுத்தார். அவள் கண்ணாடி வழியாக அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க முடிச்சுட்டு மெதுவா வாங்கப்பா" என்றாள். குரலில் கோபம் இல்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அவள் ஏதோ சொல்லி முடித்துவிட்டாள், உள்ளே எடையும் நிலைக்கு வந்துவிட்டது, வேறென்ன செய்வதென்று தெரியாமல் இயக்குநர் கண்ணாடியைத் தட்டினார். மூச்சடக்கி எழுந்தார். சந்தோஷத்தில் முதல் கதவை ஒரே தள்ளு, இரண்டாவது சுவரில் மோதித் திரும்பியது. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, "வா மா, வா" என்றார்.

கோட்டில் யாரும் இல்லை. துணை இயக்குநர் எண்ணைப் படித்தார். மூன்றும் பொருந்திவிட்டன என்று இயக்குநர் அறிவித்து, புதுக் கார்டுப் பெட்டியை எடுத்து அவருடைய நீட்டிய கைகளில் வைத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.